சொந்த வீட்டு லிஃப்ட்

நகரத்தின் வடக்குப் பாதியில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடினாலும் அது அவள் போட்ட கையெழுத்தில்தான் ஓடியது. அரசாங்கத்தில் லிஃப்ட் ஆய்வாளர் வேலை. ஆனால் அவள் குடியிருந்த கட்டடத்து லிஃப்ட் மட்டும் மாதக்கணக்கில் செத்துக் கிடந்தது. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை. காய்கறிக்காரர், பேப்பர் போடுகிறவர், எதிர்வீட்டு வக்கீல் என்று ஆளுக்கொரு தடவை சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். அவளும் முதலில் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தாள். பிறகு சிரிப்பு வரவில்லை. ஐந்தாவது மாடியில் அவளுடைய அப்பா மாட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். ஜனத்தோடு ஜனமாக இருந்து பழகிய அந்த மனிதருக்கு ஓய்வு பெற்றபின் வாய்த்த உலகம், கீழே முடிதிருத்தும் கடை வாசலில் கிடந்த பெஞ்சு. காலையில் போய் உட்கார்ந்தால் பேப்பர், அரசியல், ஊர் வம்பு எல்லாவற்றையும் முடித்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் மேலே வருவார். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்து, இனி வாக்கரைப் பிடித்து நடமாடலாம் என்று டாக்டர் சொன்ன அதே வாரம் லிஃப்ட் படுத்துக்கொண்டது. படி இறங்க அவரால் முடியாது. நாலு பேர் தூக்கி இறக்கலாம் என்றால், உயிரோடு இருக்கும்போது என்னை யாரும் தூக்க வேண்டாம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

முடிதிருத்துபவர் நல்ல மனுஷன். பையைத் தூக்கிக்கொண்டு அத்தனை படியும் ஏறிவந்து சவரம் செய்துவிட்டுப் போவார். ஆனால் அப்பாவுக்கு வேண்டியிருந்தது சவரமா என்ன? கொஞ்ச நாள் பால்கனியில் நின்று கீழே இருப்பவர்களோடு தொண்டை கிழியப் பேசினார். அப்புறம் கையாட்டுவதோடு நிறுத்திக்கொண்டார். அப்புறம் பால்கனிப் பக்கமே போவதில்லை. தட்டில் பாதிச் சாப்பாடு மிஞ்சியது. யாராவது ரேடியோவை அணைத்தால் அணைந்தபடியே கிடந்தது. வீட்டில் அவளும் அப்பாவும்தான். அவளுடைய மகள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். மனுஷன் இப்படியே படுத்துவிடுவாரோ என்ற பயம் அவளை உள்ளுக்குள் அரித்தது.

அவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலை வட்டாரத்தில் அவளுக்குப் பெயர் 'பாட்டில் அம்மா'. எந்தக் கட்டடத்துக்குச் சோதனைக்குப் போனாலும் தோளில் தண்ணீர் பாட்டில் தொங்கும். அந்த இடத்துத் தண்ணீரைக்கூட வாயில் வைக்க மாட்டாள். டீ, பிஸ்கட் என்றால் கேட்கவே வேண்டாம். குடித்த டீயின் சூடு நாக்கில் இருக்கிறவரை அந்த நாக்கு கடுமையாகப் பேசாது என்பது அவள் கட்சி. வேலையில் சேர்ந்த அன்று எல்லோருக்கும் ஒரு நடத்தை விதிப் புத்தகம் கொடுப்பார்கள். மற்றவர்கள் அதை ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுக்க வைத்துக்கொண்டார்கள். இவள் ஒருத்திதான் அட்டையிலிருந்து அட்டைவரை படித்தவள்.

ஒரு லிஃப்ட் கம்பெனி வருஷக் கடைசியில் ஒரு பெரிய சுவர்க்கடிகாரத்தை அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனது. மறுநாள் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஏறுகிறவர்களெல்லாம் அவள் மடியைப் பார்த்து மணி தெரிந்துகொண்டார்கள். கம்பெனியின் வரவேற்பு மேசையில் அதை வைத்து, திருப்பிக் கொடுத்ததற்கு ரசீதும் வாங்கிக்கொண்டுதான் வந்தாள். இன்னொரு தடவை கொட்டுகிற மழையில் ஒரு மேனேஜர் குடையை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்து வாரம் முழுக்கத் தும்மினாள். குடைக்குமா விதி இருக்கிறது என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். குடையைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அந்த ஆளுக்கு நன்றி சொல்ல வேண்டி வரும், அடுத்த மாதம் அவர் லிஃப்டில் குறை கண்டுபிடிக்க வேண்டியிருக்கும், இரண்டையும் ஒரே வாயால் சொல்ல எனக்கு வராது என்றாள் இவள்.

இதிலெல்லாம் அவளுக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். விதி என்பது மற்றவர்களைத் திருத்தத்தான் எழுதப்பட்டது, தன்னைப் போன்றவளுக்கு அது தேவையே இல்லாத வேலி என்ற நினைப்பு.

கட்டடத்து லிஃப்ட் நின்றதும் வடக்குப் பாதியில் பெரும்பாலான லிஃப்டுகளைப் போட்ட, கடிகாரம் வைத்துவிட்டுப் போன அதே லிஃப்ட் கம்பெனியின் மேனேஜர், குடியிருப்போர் சங்கச் செயலாளரைத் தேடி வந்தார். செயலாளர் இரண்டாவது மாடியில் டியூஷன் எடுக்கிற பெண்மணி. பழுதுபார்ப்பதெல்லாம் எங்கள் பொறுப்பு, ஒரு பைசா வேண்டாம், நல்ல காரியத்துக்குச் செய்கிறோம் என்று மேனேஜர் சொன்னாராம். செயலாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கே கூட்டம் கூட்டிவிட்டார்.

கூட்டத்தில் எல்லோரும் கைதட்டும் நேரத்தில் அவள் எழுந்தாள். அந்தக் கம்பெனியின் லிஃப்டுகளைச் சோதிக்கிறவள் நான், நான் இருக்கிற வீட்டுக்கு அவர்கள் இலவசமாகச் செய்வது எனக்குச் செய்வதுதான் என்றாள். உனக்கு எங்கே செய்கிறார்கள், கட்டடத்துக்கல்லவா செய்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். கட்டடத்தில் லிஃப்ட் இல்லாமல் யார் அப்பா அதிகமாகத் தவிக்கிறார் என்பது அந்த மேனேஜருக்குத் தெரியாமல் இருக்குமா என்று இவள் திருப்பிக் கேட்டாள். நீங்கள் வாங்கிக்கொண்டால் நானே ஆபீசுக்கு எழுதிப் போடுவேன் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கைதட்டல் அடங்கி முணுமுணுப்பு ஆரம்பித்தது. அன்றைக்கு மாடிப்படியில் அவளோடு யாரும் சேர்ந்து ஏறவில்லை.

கடைசியில் அவள் எல்லைக்குள் வேலையே செய்யாத, நகரத்தின் மறுகோடியில் இருந்த ஒரு சின்னக் கம்பெனியைப் பிடித்தார்கள். எல்லோரும் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் சின்னக் கம்பெனி என்றால் எல்லாம் மெதுவாகத்தானே நடக்கும். கயிறு வர ஒரு காத்திருப்பு, பிரேக் வர இன்னொரு காத்திருப்பு. ஒவ்வொரு காத்திருப்பிலும் அப்பாவின் தட்டில் மிச்சம் கூடிக்கொண்டே போனது. அவள் மாடிப்படி ஏறும்போதெல்லாம் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் தன்னைத்தான் கரித்துக்கொட்டுகிறார்கள் என்று தெரிந்தே ஏறினாள்.

ஒருவழியாக வேலை முடிந்தது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெக்கானிக் சோதனை ஓட்டம் விடும்போது அவளும் கூடவே போனாள். அதிகாரியாக அல்ல, அந்த வீட்டில் இருக்கிறவளாகத்தான். ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று கயிற்றின் சத்தத்தைக் கேட்டாள். பிரேக்கைப் பார்த்தாள். அப்புறம் கீழிருந்து ஒவ்வொரு மாடியாகக் கதவைப் பார்த்துக்கொண்டே வந்தாள். லிஃப்டுக்கு ஒவ்வொரு மாடியிலும் வெளியே ஒரு கதவு உண்டு. பெட்டி அந்த மாடியில் வந்து நின்றால் ஒழிய அந்தக் கதவு திறக்கக் கூடாது. திறந்தால் அதற்குப் பின்னால் இருப்பது வெறும் குழி. அதனால் பெட்டியை வேறு மாடிக்கு அனுப்பிவிட்டு, கதவின் கீழ்முனையில் உள்ளங்கையை வைத்து முழுப்பலத்தோடு பக்கவாட்டில் தள்ளிப் பார்ப்பாள். எந்தக் கட்டடமானாலும், எத்தனை மாடியானாலும், ஒரு கதவு விடாமல் தள்ளுவாள்.

ஐந்தாவது மாடிக்கு வந்தபோது அப்பா வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். லிஃப்டின் சத்தம் கேட்டிருக்கிறது. துவைத்த சட்டை போட்டு, தலை வாரி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வெளியே கிளம்பத் தயாராக இருந்தார். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

"ஓடுதா?" என்றார்.

"நல்லா ஓடுதுப்பா. சர்ட்டிபிகேட் வந்ததும் நீங்கதான் முதல்ல போறீங்க" என்றாள் அவள். அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். லிஃப்ட் பிரமாதமாக இருக்கிறது என்று அவள் மனம் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டது.

இனி வேண்டியது சான்றிதழ் ஒன்றுதான். வடக்குப் பாதிக்கு அவள்தான் ஆய்வாளர். ஆனால் தான் குடியிருக்கிற இடத்தைத் தானே சோதிக்கக் கூடாது என்று விதியில் கறாராக இருக்கிறது. ஆகவே இந்தக் கட்டடத்துக்கு வேறு ஆளை அனுப்புங்கள் என்று மேலதிகாரிக்கு எழுதினாள். வேறு ஆள் என்றால் ஊரில் இன்னும் ஒரே ஒருவர்தான் இருந்தார், தெற்குப் பாதியின் ஆய்வாளர். ஆபீசில் அவரைச் 'சிடுமூஞ்சி' என்பார்கள். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று நினைக்கிற ரகம். போதாததற்கு, ஒரு கூட்டத்தில் அவருடைய அறிக்கையில் இருந்த தப்பை இவள் எல்லோர் முன்னிலையிலும் வாசித்துக் காட்டியிருந்தாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் முகம் கொடுத்துப் பேச்சு இல்லை.

மேலதிகாரி போனில் கூப்பிட்டார். நல்ல மனிதர், வம்பு வேண்டாம் என்கிற மனிதர்.

"எதுக்கும்மா இவ்வளவு சுத்தி வளைக்கிறீங்க? உங்களைவிட லிஃப்ட் தெரிஞ்ச ஆள் இங்க யாரு இருக்கா? நீங்களே பார்த்துக் கையெழுத்துப் போடுங்க, கீழ நான் போட்டுடறேன். அவரு கையில வேலை குமிஞ்சு கிடக்கு. வந்தாலும் உங்க மேல இருக்கிற கோவத்துக்கு வேணும்னே குறை சொல்லித் தட்டிவிடுவாரு."

"தட்டிவிட்டா விடட்டும் சார். நான் போட முடியாது" என்றாள் அவள்.

கட்டடத்துக்கு இந்த விஷயம் எட்டியதும் எல்லோர் முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மேலதிகாரியே சரி என்ற பிறகு இவளுக்கு என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்றார்கள். லிஃப்ட் நன்றாக இருக்கிறது என்று இவள் வாயாலேயே சொன்னாளே, பிறகென்ன? செயலாளர் மூச்சு வாங்க ஐந்து மாடி ஏறிவந்து, உங்க அப்பாவையாவது நினைச்சுப் பாருங்க அக்கா என்று கண்கலங்கினார். அப்பாவைத் தவிர வேறெதையும் அவள் நினைக்கவில்லை என்பதுதானே சிக்கலே. அப்பா இல்லாவிட்டால் இந்த விதியைக் கடைப்பிடிப்பது ஒரு சிரமமா?

அப்பா மட்டும் கேட்கவில்லை. ஒரு தடவைகூட. அவர் கேட்காமல் இருந்தது அவளைப் பாடாய்ப் படுத்தியது. தினமும் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மத்தியானம் அதைக் கழற்றி மாட்டினார். பிறகு ஒருநாள் சட்டை போடவில்லை. அன்றைக்கு அவள் வேலைக்குக் கிளம்பும்போது, சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஒரு கையெழுத்துதானேம்மா?"

கதவுப் பிடியில் இருந்த அவள் கை அப்படியே நின்றது. இந்த மனிதர் தன்னிடம் எதையுமே கேட்டதில்லை என்பதும், இப்போது கேட்டதை ஒரு நிமிஷத்தில் செய்துவிடலாம் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"அந்த ஒண்ணைப் போட மாட்டேன்ப்பா" என்றாள். அவள் படியிறங்கும்போது மூன்றாவது மாடியில் உட்கார்ந்து அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக ஆபீசுக்குப் போய், சிடுமூஞ்சியின் மேசைக்கு முன்னால் நின்றாள். பழைய விஷயத்துக்கு என்மேல் கோபம் இருக்கட்டும், அந்தத் தப்பைத் தனியாகச் சொல்லியிருக்கலாம், சபையில் சொன்னது என் தப்பு, ஆனால் சோதனைக்கு ஒரு தேதி கொடுங்கள் என்றாள். வரிசையை உடைக்கச் சொல்லவில்லை, எங்கள் முறை எப்போது என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அடுத்த வியாழன் என்றார்.

வியாழக்கிழமை கட்டடமே கீழ்த்தளத்தில் கூடிவிட்டது. சிடுமூஞ்சி வந்தார். மோட்டார் ரூமுக்குப் போனார், கூரைமேல் ஏறினார், கயிற்றைத் தடவினார். அவள் தலையிடாமல் தள்ளியே நின்றாள். அவர் மாடி மாடியாகக் கதவைத் தள்ளிக்கொண்டு மேலே போனார். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது.

"ஃபெயில்."

கீழே ஒரே கூச்சல். பார்த்தீங்களா, பழி தீர்த்துட்டான் என்றார் ஒருவர். அவளுக்கும் அதுதான் தோன்றியது. தன்னைப் பழிவாங்க ஒரு கிழவரைக் கூண்டில் அடைத்துவைப்பதா என்று கொதித்துக்கொண்டு படியேறினாள். இனி மரியாதை பார்க்கப் போவதில்லை என்று வாயில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டேதான் போனாள்.

அவர் ஐந்தாவது மாடியில், லிஃப்ட் கதவுக்கு முன்னால் குந்தியிருந்தார். பெட்டி கீழ்த்தளத்தில் நின்றது. அவளைப் பார்த்ததும் உள்ளங்கையைக் கதவின் கீழ்முனையில் வைத்துத் தள்ளினார். பலமாகக்கூட இல்லை. கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. அதற்குப் பின்னால் கயிறுகள் தொங்குகிற இருட்டுக் குழி. அடியிலிருந்து ஜில்லென்று காற்று மேலே வந்தது.

"கதவுப் பூட்டோட கொக்கி சரியா மாட்டலை. தேஞ்சு போன கொக்கி" என்றார் அவர். "மத்த மாடியெல்லாம் சரியா இருக்கு. இது மட்டும்தான்."

அவளுக்குப் பின்னால் வாக்கரின் சத்தம் கேட்டது. கூச்சலைக் கேட்டு அப்பா வெளியே வந்திருந்தார். லிஃப்ட் ஓடத் தொடங்கியதும் அவர் இங்கே எப்படி நின்று காத்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும். நடக்கிற அசதிக்கு வாக்கரை ஒரு கையால் பிடித்து, மறுதோளைக் கதவில் சாய்த்துக்கொள்வார். முழு எடையையும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. கீழ்த்தளம் தள்ளினாள், முதல் மாடி தள்ளினாள், நாலாவது வரை ஒன்று விடாமல் தள்ளினாள். ஐந்தாவதில் அப்பா சிரித்தார். அவள் அந்தக் கதவைத் தொடவே இல்லை. தொடவில்லை என்பதுகூட இந்த நிமிஷம்வரை அவளுக்குத் தெரியாது. யார் கேட்டிருந்தாலும் எல்லாக் கதவையும் பார்த்தேன் என்று சத்தியம் செய்திருப்பாள். குழிக்கும் அப்பாவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

சிடுமூஞ்சி கதவை இழுத்து மூடி, குறுக்கே ஒரு கயிறு கட்டினார். கொக்கியை மாற்றி மறு சோதனை செய்ய இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்றார். படியிறங்கப் போனவர் திரும்பி, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"என் அம்மா இருக்கிற பில்டிங் உங்க ஏரியாவிலதான் இருக்கு. அதை நீங்கதான் பார்க்கணும். நான் ஒரு தடவைகூட அங்க எதையும் தொட்டதில்லை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அப்பாவை உள்ளே உட்காரவைத்துவிட்டு அவளும் எதிரே உட்கார்ந்தாள். நான் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரிடம் சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது.

"நான் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்ப்பா. மனசார நல்லா இருக்குன்னு நம்பித்தான் போட்டிருப்பேன். அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அப்பா, பஸ் ஓட்டிய காலத்தில் அவளுடைய அம்மா வண்டியில் ஏறினால் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்துக்கொண்டே ஓட்டி, இரண்டு நிறுத்தங்களைத் தாண்டிப் போய் ஜனங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். அதற்குப் பிறகு அம்மாவை வேறு டிரைவர் வண்டியில்தான் ஏறச் சொல்வாராம். சொல்லிவிட்டு, சாப்பாடு போடு, பசிக்கிறது என்றார்.

விதியைப் பற்றி அவளுக்கு இருந்த பெருமை அன்றோடு போயிற்று. பிடிவாதம் மட்டும் இரண்டு மடங்காயிற்று. திருடாதவளுக்கும் விதி வேண்டும் என்று இப்போது தெரிந்துவிட்டதே. மறு சோதனை நாளில் அவள் கட்டடத்தின் பக்கமே இருக்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் செயலாளரிடம் சொல்லிவிட்டு, காலையிலேயே பாட்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அவளுக்கு ஒரு துணிக்கடைக் கட்டடத்தில் சோதனை. கீழிருந்து ஒவ்வொரு கதவாகத் தள்ளிக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தாள். கூடவே கடையின் காவலாளி வந்தார்.

நடுவில் போன் அடித்தது. வீட்டு எண் இல்லை. எடுத்தால் பஸ் ஹாரன், யாரோ சிரிக்கிற சத்தம், கத்தரிக்கோல் சத்தம்.

"நான் கீழ இருக்கேன்" என்றார் அப்பா.

அவ்வளவுதான். முடிதிருத்துபவரிடம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வம்பளக்கப் போய்விட்டார் போலிருக்கிறது. அவள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள், அழுதாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காவலாளி என்ன செய்வதென்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அடுத்த கதவுக்குப் போகக் காலெடுத்தவள் நின்றுவிட்டாள். காலையிலிருந்து மனம் முழுக்க வீட்டில்தான் இருந்தது. எந்தக் கதவைத் தள்ளினோம், எதைத் தாண்டி வந்தோம் என்று அவளுக்கே நிச்சயமில்லை.

"கீழ போகலாம். முதல் கதவிலேருந்து திரும்பப் பார்க்கணும்" என்றாள் காவலாளியிடம்.